1959ல தாத்தா கட்டின தட்டட்டி வீடு: இடிக்கச் சொல்றாங்க, தளத்தைக் காப்பாத்த முடியுமா?

தார்சா வீடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க.

எங்களுக்கு திருநெல்வேலி பக்கம் தாமிரபரணிக் கரைல ஒரு கிராமம். தாத்தா கொழும்புல கடை வச்சிருந்தவர், தனுஷ்கோடி வழியா கப்பல்ல போயிட்டு வந்துட்டு இருந்த காலம் அது. அங்க பாத்த பங்களா மாதிரி நம்ம ஊர்லயும் ஒண்ணு கட்டணும்னு ஆசைப்பட்டு 1959ல இந்த வீட்டைக் கட்டினாராம். கைப்பிடிச் சுவர் நெத்தியில வருஷத்தை சிமெண்ட்லயே எழுதி வச்சிருக்காங்க. சுத்தி எல்லாம் ஓட்டு வீடு, கூரை வீடு, நடுவுல இது மட்டும் தட்டட்டி, அதாவது தட்டைக் கூரை, மூலையெல்லாம் வளைச்சு விட்டது, ஜன்னலுக்கு மேல வீட்டைச் சுத்தி பட்டையா ஓடுற சன்ஷேட், வாசல்ல தூணே இல்லாம 5 அடிக்கு வெளிய நீட்டிட்டு நிக்கிற போர்டிகோ. மாடிப்படிக்கு வெளிச்சம் வர்றதுக்கு கப்பல் ஜன்னல் மாதிரி வட்டமா மூணு ஓட்டை. பின்னாடி நடையில செவுத்துக்குப் பதிலா ஓட்டை ஓட்டையா இருக்கிற சிமெண்ட் ஜாலி, மத்தியானம் ரெண்டு மணிக்கு அதோட நிழல் தரைல விழும், சின்ன வயசுல அந்தக் கட்டத்துலதான் பாண்டி விளையாடுவோம்.

ஆனா உள்ள போனா அது கிராமத்து வீடுதான். முன்னாடி தார்சா (முன் வராந்தா), அடுத்து பட்டாசல் (நடுக் கூடம்), அதுக்கு ஒரு பக்கம் நெல் போடுற அறை, பின்னாடி விறகடுப்பு வச்ச அடுப்படி, பாத்திரம் கழுவுற அங்கணம், அதுக்கப்புறம் கொல்லை. தாத்தா தட்டைக் கூரை கேட்டதுக்கே நெல்லும் மொளகா வத்தலும் காயப்போடணும்ங்கிறதும் ஒரு காரணம்னு ஆச்சி சொல்லுவாங்க. தார்சாலயும் பட்டாசல்லயும் மொசைக் தரை, பச்சையும் மஞ்சளும், நடுவுல ஒரு பெரிய நட்சத்திரம். மத்த அறையெல்லாம் சிவப்பு ரெட் ஆக்ஸைடு.

இப்ப பிரச்சனைக்கு வர்றேன். அடுப்படி தளத்துல காரை பெயர்ந்து கம்பி வெளிய தெரியுது, நல்லா துருப்பிடிச்சு செதில் செதிலா உதிருது. போர்டிகோ அடிப்பக்கம் ரெண்டு வெடிப்பு இருக்கு, மழை பெஞ்சா அதுல சொட்டுது. 2023 டிசம்பர் வெள்ளத்துல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி ரெண்டு நாள் நின்னுச்சு, வீடு அசையல, ஆனா அதுக்கப்புறம் செவுத்துல ஓதம் (ஈரக்கசிவு) ஏறிக்கிட்டே வருது, பெயிண்ட் பொரிஞ்சு கொட்டுது. அம்மாவுக்கு 74 வயசு, தனியா இருக்காங்க, ராத்திரி கொல்லைக்குப் போயிட்டு வரும்போது ரெண்டு தடவை விழுந்துட்டாங்க, அதனால உள்ளயே ஒரு பாத்ரூம் கட்டாயம் வேணும்.

அண்ணன் ஒரு கான்ட்ராக்டரைக் கூட்டிட்டு வந்து காட்டினான். அவர் பத்து நிமிஷம் சுத்திப் பாத்துட்டு "இது தாங்காது, இடிச்சிருங்க, இடிக்கிறதுக்கு நீங்க காசு தர வேணாம், கதவு நிலை ஜன்னல் எல்லாம் நாங்களே எடுத்துக்கிட்டு மேல உங்களுக்கு கொஞ்சம் தர்றோம்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அண்ணனுக்கு அது சரின்னு படுது. எனக்கு மனசு ஒப்பல. பாசத்துல சொல்றேன்னு அவன் நினைக்கிறான், அதனால எனக்கு கையில ஏதாவது உறுதியா வேணும். 65 வருஷத்து கான்கிரீட்டை சரி பண்ண முடியுமா முடியாதா, அதை யாரை வச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது? முடியாதுன்னா நானும் ஒத்துக்கிறேன்.

கம்பியும் காரையும் எழுதியது:

வணக்கம் மேடம். நான் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர், பழைய கட்டட ரிப்பேர்தான் 18 வருஷமா பாக்குறேன். நேர்ல பாக்காம முடியும் முடியாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு சுத்தியல் கூட தட்டிப் பாக்காம பத்து நிமிஷத்துல இடிக்கச் சொல்றவர் பேச்சையும் எடுத்துக்காதீங்க. அந்த நிலையும் கதவும் பர்மா தேக்கா இருந்தா அவர் ஏன் சும்மா இடிச்சுத் தர்றேன்னு சொல்றார்னு உங்களுக்கே புரியும்.

முதல்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன். புது கான்கிரீட் ரொம்ப காரத்தன்மையோட இருக்கும், பிஎச் 12, 13 கிட்ட. அந்தக் காரம் இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிக்காது. காத்துல இருக்கிற கரியமில வாயு வருஷக்கணக்கா மெதுவா உள்ள போய் அந்தக் காரத்தைக் குறைச்சுக்கிட்டே வரும். அது கம்பி இருக்கிற ஆழத்துக்குப் போய்ச் சேந்து, கூடவே ஈரமும் இருந்தா துரு ஆரம்பிக்கும். துரு இரும்பை விட பல மடங்கு இடம் எடுக்கும், அதான் கீழ இருக்கிற காரையைத் தள்ளி உடைச்சு விடுது. உங்க அடுப்படி தளம் மட்டும் முதல்ல போனதுல ஆச்சரியமே இல்ல, அம்பது வருஷம் விறகுப் புகையும் சோறு வடிக்கிற ஆவியும் நேரா அது மேலதான பட்டிருக்கு. அதை வச்சு வீடு முழுக்க அப்படித்தான்னு முடிவு பண்ணக் கூடாது.

நீங்களே பாக்கக்கூடிய சோதனை ரெண்டு. ஒண்ணு, சின்ன சுத்தியல் எடுத்துக்கிட்டு தளத்தோட அடிப்பக்கம் ஒவ்வொரு அடிக்கும் தட்டிக்கிட்டே வாங்க, தலைக்கு ஹெல்மெட் போட்டுக்கோங்க. கெட்டியா "கிண்"ணுனு கேட்டா நல்லா இருக்கு, "டொப்"புனு பொக்கையா கேட்டா அங்க காரை கம்பியை விட்டுப் பிரிஞ்சிருச்சு. சாக்பீஸ்ல வட்டம் போட்டுக்கிட்டே வாங்க, கடைசில ஒரு போட்டோ எடுத்தா எந்த அறை எவ்வளவு மோசம்னு தெரிஞ்சிடும். ரெண்டாவது, ஸ்கூல் லேப்ல பாத்திருப்பீங்களே ஃபினால்ஃப்தலீன், அதேதான். பூச்சை எடுத்துட்டு கான்கிரீட்டை கம்பி வரைக்கும் புதுசா கொத்தி, தூசியை ஊதிட்டு உடனே அதை ஸ்ப்ரே பண்ணணும். ரோஸ் கலர் வந்தா காரம் இன்னும் உயிரோட இருக்கு. கலரே மாறலன்னா அந்த ஆழம் வரைக்கும் போயிடுச்சு. ரோஸ் எத்தனை மில்லிமீட்டர்ல ஆரம்பிக்குது, கம்பி எத்தனை மில்லிமீட்டர்ல இருக்கு, இந்த ரெண்டு நம்பரை வச்சுத்தான் இந்த வீட்டைப் பத்தி முக்கியமான முடிவை எடுக்கணும்.

இதை விட அவசரம் உங்க போர்டிகோ. தயவுசெஞ்சு இன்னைக்கே அது கீழ உக்கார்றதை நிறுத்துங்க. சாதாரண தளத்துக்கு மெயின் கம்பி அடியில இருக்கும், ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு வெளிய நீட்டின போர்டிகோவுக்கும் சன்ஷேடுக்கும் மெயின் கம்பி மேல் பக்கம் இருக்கும். மேல தேங்குற மழைத்தண்ணி நேரா அந்தக் கம்பிக்குத்தான் போகுது, கீழ இருந்து பாக்குறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, ஒரு நாள் சொல்லாம கொள்ளாம மொத்தமா இறங்கிரும். நுனியில மரத்தாலயோ இரும்பாலயோ முட்டு கொடுங்க, ஆனா ஆப்பு அடிச்சு மேல தூக்கக் கூடாது, அந்த மாதிரி தூக்கினா அடிப்பக்கம் இழுவை வரும், அங்க அதுக்கான கம்பி கிடையாது. தொட்டுக்கிட்டு நிக்கிற அளவு போதும்.

மொட்டை மாடில தண்ணி டேங்க் இருக்கா? எங்க வச்சிருக்கீங்க? பழைய பிளான் ஏதாவது வீட்டுல இருக்கா?

தார்சா வீடு எழுதியது:

ரொம்ப நன்றி சார், போர்டிகோ விஷயம் படிச்சதும் கை நடுங்கிருச்சு, அம்மா சாயங்காலம் உக்கார்ற இடமே அதுதான். இப்பவே போன் பண்ணி சேரை வேப்ப மரத்தடிக்கு மாத்தச் சொல்லிட்டேன்.

டேங்க் இருக்கு, 1000 லிட்டர் கருப்பு டேங்க், சரியா பட்டாசலுக்கு மேல நடுவுல. பிளான் பத்தி தெரியல, தாத்தாவோட தகரப் பெட்டி ஒண்ணு நெல் அறைல இருக்கு, அடுத்த வாரம் போய் பாக்குறேன்.

கம்பியும் காரையும் எழுதியது:

1000 லிட்டர்னா ஒரு டன் மேடம். அதை தளத்தோட நடுவுல வைக்கக் கூடாது, ரெண்டு செவுரு சேர்ற மூலைக்கு மேல, செவுத்துல இருந்து செவுத்துக்கு இரும்பு கர்டர் போட்டு அது மேல வைங்க. அதே மாதிரி ஒழுகுது ஒழுகுதுன்னு ஒவ்வொரு தடவையும் மேல ஒரு கோட் சிமெண்ட் போட்டிருப்பாங்க, அதையும் பாருங்க. ஒரு இன்ச் கனம் கூடினா 100 சதுர அடிக்கு கிட்டத்தட்ட அரை டன் ஏறுது. நான் ஒரு வீட்டுல மூணு அடுக்கு எடுத்திருக்கேன்.

சுண்ணாம்புக் கை எழுதியது:

அக்கா, நான் கொத்தனார் குடும்பம், எங்க அப்பா பாளையங்கோட்டை சுத்தி இந்த மாதிரி வீடு நிறைய வேலை பாத்தவர், இப்ப நான் பாக்குறேன். நம்ம பக்கத்துல 1950கள்ல திடீர்னு இந்த மாதிரி வீடு வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு, தாழையூத்து சிமெண்ட் ஃபேக்டரி 1949ல ஓட ஆரம்பிச்சிருச்சு, சிமெண்ட் பக்கத்துலயே கிடைச்சது, ஆத்து மணலும் பக்கத்துல. அந்த மணலை நினைச்சா இன்னைக்கும் ஆசையா இருக்கு, உப்பு இல்லாத சுத்தமான மணல், உங்க வீடு இத்தனை வருஷம் நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

ஓதம் பத்தி ஒண்ணு கேக்கணும். வெள்ளத்துக்கு அப்புறம் யாராவது செவுத்துக்கு கீழ மூணு நாலு அடிக்கு சிமெண்ட் பூச்சு பூசி, மேல புட்டி அடிச்சாங்களா? அப்படி இருந்தா அதுதான் வினை. உள்ள இருக்கிறது சுண்ணாம்புல கட்டின செங்கல் செவுரு, அது தண்ணியைக் குடிக்கும், வெயில் வந்தா விட்டுரும். முன்னாடி சிமெண்டை பூசி அடைச்சா தண்ணி வெளிய வர வழியில்லாம மேல ஏறும், பூச்சு முடியிற இடத்துல போய் வெள்ளையா உப்பு பூக்கும். அந்த சிமெண்டை முழுசா கொத்தி எடுத்துட்டு ஒரு கோடைக்காலம் முழுக்க செவுத்தை சும்மா விடுங்க, ஜன்னலைத் திறந்து வைங்க, மேல இருக்கிற வென்டிலேட்டரை அட்டை வச்சு அடைச்சிருந்தா அதையும் எடுங்க. அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு, மேல வெள்ளை. எமல்ஷன் வேணாம்.

மேல் தளத்துக்கு பழைய முறைல செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் சேத்து, பொம்பளையாள் எல்லாம் வரிசையா உக்காந்து கட்டையால நாள் கணக்குல தட்டுவாங்க, அது மேல தட்டோடு பதிப்பாங்க. வீடு குளுமையா இருந்ததே அதனாலதான். இப்ப அதை எடுத்துட்டு சிமெண்ட் போட்டதுக்கு அப்புறம்தான் "காரை வீடு சூடு"ன்னு பேச்சே வந்துச்சு. இந்த வேலை தெரிஞ்சவங்க இன்னும் இருக்காங்க, செட்டிநாட்டுப் பக்கம் கேட்டா ஆள் கிடைக்கும். கான்கிரீட் ரிப்பேர் முடிஞ்ச பிறகுதான் இது, முன்னாடி போட்டா கெடுத்துரும்.

அப்புறம் அந்த மொசைக் தரை. அக்கா, யார் என்ன சொன்னாலும் அது மேல டைல்ஸ் ஒட்ட விடாதீங்க. அது கடைல வாங்கின ஓடு இல்ல, அந்த இடத்துலயே வெள்ளை சிமெண்டும் கலர் பொடியும் மார்பிள் சில்லும் கலந்து போட்டு, கையால கல்லு வச்சு தேச்சு தேச்சு எடுத்தது. அந்த நட்சத்திரத்துக்கு ஓரத்துல மெல்லிசா கண்ணாடிப் பட்டையோ பித்தளைப் பட்டையோ இருக்கும், பாருங்க, கலர் ஒண்ணோட ஒண்ணு கலக்காம இருக்க வச்சது. இப்ப மங்கிப் போயிருக்கும், தண்ணி பாலிஷ் மெஷின் வச்சு படிப்படியா நைசான கல்லு மாத்தி தேச்சா உள்ள இருந்து அதே கலர் எழுந்து வரும், எனக்கு வேலைலயே பிடிச்ச நாள் அந்த நாள்தான். பாத்ரூம் கழுவுற ஆசிட் மட்டும் அது மேல படவே கூடாது, மார்பிள் சில்லை அரிச்சிரும். ரெட் ஆக்ஸைடு தரைக்கு தேங்கா எண்ணெய் தொட்டு துணியால தேச்சாலே போதும்.

கடலோரம் எழுதியது:

இந்தத் திரியைப் படிச்சிட்டு எழுதாம இருக்க முடியல. எங்களுது தூத்துக்குடி பக்கம் கடற்கரை கிராமம், 1962ல கட்டின வீடு, கிட்டத்தட்ட நீங்க சொன்ன மாதிரியே வளைஞ்ச மூலை, வட்ட ஜன்னல். நாங்க 2019ல இடிச்சோம். எங்க விஷயத்துல தளத்தைக் காப்பாத்த முடியாதுன்னு டெஸ்ட் ரிப்போர்ட்டே வந்துச்சு, கடல் மணலும் உப்புக் கிணத்துத் தண்ணியும் கலந்து போட்ட கான்கிரீட், உப்பு உள்ளயே இருந்ததால கம்பி எல்லா இடத்துலயும் தின்னுட்டுப் போயிருந்தது. எங்க ஒட்டினாலும் பக்கத்துல புதுசா வெடிச்சது. அதனால இந்த மாதிரி எல்லா வீட்டையும் காப்பாத்திரலாம்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா அப்ப எங்களுக்கு யாரும் சொல்லாதது ஒண்ணு இருக்கு. போனது தளம் மட்டும்தான். செவுரு நல்லா இருந்துச்சு, தரை நல்லா இருந்துச்சு. பழைய தளத்தை மட்டும் துண்டு துண்டா வெட்டி இறக்கிட்டு அதே செவுத்து மேல புதுத் தளம் போட்டிருக்கலாம். அது முடியும்னே எங்களுக்குத் தெரியாது, தளம் போச்சுன்னா வீடு போச்சுன்னு நினைச்சோம். இடிக்கிற அன்னைக்கு நான் வெளியூர்ல இருந்தேன், வந்து பாக்கும்போது தரை மேல ஜேசிபி நிக்குது. ஒரே ஒரு ஜாலித் துண்டு எடுத்து வச்சிருக்கேன், இப்ப இருக்கிற வீட்டுல அதை எங்க வச்சாலும் பொருந்தல.

உங்க அடுப்படி தளம் மட்டும் மோசமா இருந்தா அதை மட்டும் மாத்துங்க. உங்க அண்ணன்கிட்ட இதைக் காட்டுங்க. புதுச்சேரியில கோல்கொண்டேன்னு ஆசிரமத்தோட விடுதி ஒண்ணு இருக்கு, அன்டோனின் ரேமண்ட் டிசைன் பண்ணினது, 1930கள் கடைசியில ஆரம்பிச்சு கட்டினது, உங்க வீட்டை விட வயசு கூட. அதுவும் கான்கிரீட்தான், அதுவும் கடல் பக்கம்தான், இன்னைக்கும் ஆளுங்க தங்குறாங்க. ஆரம்பத்துலயே அவ்வளவு கவனமா போட்ட கான்கிரீட், அதுக்கப்புறமும் விடாம பராமரிச்சுட்டு வர்றாங்க.

பத்திரம் முக்கியம் எழுதியது:

வேலைக்கு முன்னாடி ஒரு வார்த்தை. தாத்தா பேர்ல இருக்கிற வீடா, பாகம் பிரிச்சாச்சா? பிரிக்காம நீங்க பணம் போட்டா நாளைக்கு அண்ணனுக்கும் உங்களுக்கும் நடுவுல பேச்சு வரும். அத்தைகள் இருந்தா அவங்களுக்கும் பங்கு இருக்கலாம். வில்லங்கச் சான்று எடுங்க, நத்தம் பட்டா யார் பேர்ல இருக்குன்னு பாருங்க, பாகப் பிரிவினையோ, பங்கை விட்டுக் கொடுக்கிற விடுதலைப் பத்திரமோ எதுன்னாலும் ரிஜிஸ்டர் பண்ணிட்டு அப்புறம் சிமெண்ட் வாங்குங்க.

தார்சா வீடு எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. மூணு வாரம் கழிச்சு வர்றேன், ஊருக்குப் போயிட்டு வந்தேன், நடந்ததை அப்படியே எழுதுறேன்.

தகரப் பெட்டியில பிளான் இருந்துச்சு! நீலத்தாள், மடிப்புல எல்லாம் கிழிஞ்சிருக்கு, ஆனா படிக்க முடியுது. தளம் நாலரை இன்ச், கம்பி 3/8 இன்ச், 6 இன்ச்சுக்கு ஒண்ணுன்னு ஓவர்சியர் கையெழுத்துல இருக்கு. ஓரத்துல பென்சில்ல தாத்தா கையெழுத்து, ஜாலிக்குப் பக்கத்துல "காத்து வரணும்"னு மட்டும் எழுதியிருக்கார். அதைப் பாத்துட்டு அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்ல.

திருநெல்வேலியில இருந்து ஒரு இன்ஜினியர் வந்து டெஸ்ட் எடுத்தார், அண்ணனும் வந்தான், நான்தான் வரச் சொன்னேன். பட்டாசல்ல கொத்தி ஸ்ப்ரே பண்ணினதும் கம்பிக்கு முன்னாடியே நல்லா அடர்த்தியா ரோஸ் வந்துச்சு. தார்சாலயும் அப்படியே. அண்ணன் அந்த பாட்டிலை வாங்கி அவனே இன்னும் ரெண்டு இடத்துல அடிச்சுப் பாத்தான். அடுப்படியில கலரே வரல, கம்பி பாதி தேஞ்சு போச்சு, அந்தத் தளத்தை மட்டும் இறக்கிட்டு புதுசா போடணும்னு சொல்லிட்டார். போர்டிகோ மேல் பக்கம் கொத்திப் பாத்ததுல நாலு கம்பி மோசம், மத்தது துரு மேலோட்டமாதான் இருக்கு, பழைய கம்பியைச் சுத்தி முழுசா கொத்தி எடுத்து, துருவை சுரண்டி, புதுக் கம்பி சேத்து, பாலிமர் கலந்த காரை போட்டு சரி பண்ணலாம்னு எழுதியே கொடுத்திருக்கார்.

சுண்ணாம்புக் கை தம்பி, நீங்க கேட்டது அப்படியே உண்மை. வெள்ளத்துக்கு அப்புறம் அம்மாவை யாரோ பயமுறுத்தி நாலு அடிக்கு சிமெண்ட் பூசிட்டுப் போயிருக்காங்க, நாங்க வெளியூர்ல இருந்ததால தெரியல. அதைக் கொத்தி எடுக்க ஆரம்பிச்சாச்சு. நட்சத்திரத்துக்கு ஓரத்துல பித்தளைப் பட்டைதான், தேச்சுப் பாத்தேன்.

பாத்ரூம் அம்மா அறைக்குப் பின்னாடி கொல்லைப் பக்கம் தனி அஸ்திவாரம் போட்டு கட்டப் போறோம், பழைய செவுத்துல பாரம் ஏத்தாம, இருக்கிற ஜன்னலையே கதவாக்கி. இறங்க ஏற படி இல்லாம, கைப்பிடி வச்சு. அத்தை ரெண்டு பேர்கிட்டயும் பேசியாச்சு, பத்திரத்துக்கு ஆடி முடியட்டும்னு சொல்லியிருக்காங்க.

டேங்க்கை இறக்கியாச்சு. போர்டிகோவுக்கு நாலு சவுக்குக் கம்பு முட்டு கொடுத்திருக்கோம், ஆப்பு அடிக்கல. அடுப்படி தளம் இறக்குற வேலை திங்கக்கிழமை ஆரம்பிக்குது. அதுல ஒரு சந்தேகம் சார், அடுப்படி தளத்துக்கும் பட்டாசல் தளத்துக்கும் நடுவுல இருக்கிற செவுத்து மேல ரெண்டும் ஒண்ணாவே ஓடுது, பிளான்லயும் கம்பி தொடர்ச்சியா காட்டியிருக்கு. அடுப்படிப் பக்கம் வெட்டும்போது பட்டாசல் பக்கம் ஏதும் ஆகுமா?

கம்பியும் காரையும் எழுதியது:

ஆகலாம், நல்லவேளை முன்னாடியே கேட்டீங்க. திங்கக்கிழமை வெட்ட வேணாம். தொடர்ச்சியா இருக்கிற தளத்துல ஒரு பக்கத்தை எடுத்தா மறுபக்கம் நடுவுல வளைவு கூடும். முதல்ல பட்டாசல் முழுக்க முட்டு கொடுங்க, தரை கெடாம இருக்க முட்டுக்கு அடியில பலகையும் சாக்கும் போடுங்க. அப்புறம் செவுத்துல இருந்து ஒன்றரை அடி தள்ளி அடுப்படிப் பக்கம் மெஷின் கட்டர்ல கோடு போட்டு வெட்டணும், பிரேக்கர் வச்சு அடிக்கக் கூடாது, அதிர்வு போகும். அந்த ஒன்றரை அடியில கான்கிரீட்டை மட்டும் கையால கொத்தி எடுத்துட்டு பழைய கம்பியை வெட்டாம விடுங்க. அதுல நல்லா இருக்கிற கம்பியோட புதுக் கம்பியைச் சேத்துக் கட்டணும். நல்லா இல்லன்னா பழைய தளத்துல துளை போட்டு கெமிக்கல் வச்சு புதுக் கம்பி நட வேண்டியிருக்கும். டெஸ்ட் எடுத்த அந்த இன்ஜினியரையே வெட்டுற அன்னைக்கு கூட நிக்கச் சொல்லுங்க. பிளானை நேரா மேல இருந்து ஒரு போட்டோ எடுத்து இங்க போடுங்க, நானும் பாக்குறேன்.